இரண்டாவது வளையம்

இன்று மதியம் பாப்பா என் பழைய கைப்பையைத் தரையில் கவிழ்த்துவிட்டாள். மூன்று வயதுக்குக் கையில் கிடைப்பதெல்லாம் கவிழ்ப்பதற்குத்தான். நிறம் போன பஸ் டிக்கெட்டுகள், மூடியில்லாத பேனா, காய்ச்சல் சிரப்புக்கு வந்த அளவு மூடி, இதற்கெல்லாம் நடுவில் உன்னுடைய சிவப்பு பிளாஸ்டிக் வளையல். வளையலுக்குள் நுழைத்து முடிச்சுப் போட்ட மஞ்சள் நைலான் நூல் அப்படியே இருந்தது. முடிச்சு மட்டும் கறுத்துப்போயிருந்தது.

"அம்மா, இந்த நூல எடு."

"அது வராதும்மா."

"இழு."

இழுத்துக் காட்டினேன். நூல் வளையலோடு சுற்றிச் சுற்றி நகர்ந்ததே தவிர வெளியே வரவில்லை.

"அப்ப வெட்டு."

"வெட்டக் கூடாது. இது சித்தி கட்டுனது."

"எந்தச் சித்தி?"

அவளுக்கு உன்னை நினைவில்லை. நீ கடைசியாக வந்தபோது அவளுக்கு ரெண்டு வயது நிறையவில்லை. ஒரு இடத்தில் நிற்க மாட்டேனென்கிறாள் என்று அவளை எலக்ட்ரான் என்று கூப்பிட்டாய். இன்னும் அப்படித்தான் இருக்கிறாள்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உன்னைப் பற்றி எழுத வேண்டியவர்களெல்லாம் பதினாறாம் நாளுக்குள் எழுதிவிட்டார்கள். நம் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஆளுக்கொரு பத்தி போட்டார்கள். நான் மட்டும் ஒரு வரி போடவில்லை. துக்கத்தில் எழுத முடியாமல் இருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அது மட்டும் காரணமில்லை. உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதைச் சரிசெய்யாமல் உன் பெயரை எழுதக் கை வரவில்லை. போன வாரம்தான் சரிசெய்தேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நம் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய சார் போன் செய்தார். நீ முடிக்காமல் விட்ட கட்டுரையைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்.

"எல்லாம் தயாரா இருக்கும்மா. ரெண்டாவது வளையம் மட்டும் நீ பார்த்ததுன்னு அந்தப் புள்ள எழுதி வச்சிருக்கு. நான் அதைத் திரும்பப் பார்க்கலை. 'சரி'ன்னு நீ ஒரு வரி மெயில் போட்டா அனுப்பிரலாம்."

"சரி சார்" என்று போனில் சொல்லிவிட்டேன். மெயில் போடவில்லை.

ரெண்டாவது வளையத்தை நான் பார்க்கவே இல்லை. உனக்குத் தெரியாமல் போன ஒரே விஷயம் அதுதான்.

உன் ஷேர் ஆட்டோ பாடத்தை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். எனக்குப் புரியவைக்கத்தான் ஆரம்பித்தாய். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ரெண்டு பேரும் ஆராய்ச்சிக்குப் பதிந்து மூன்று மாதம் இருக்கும். கல்லூரியிலிருந்து அருப்புக்கோட்டை வந்து இறங்கி, நான் திருச்சுழிக்கும் நீ பரளச்சிக்கும் பிரிய வேண்டும். பஸ்ஸை விட்டுவிட்டதால் ஒரே ஷேர் ஆட்டோவில் பாதி வழி. ஆட்டோவுக்குள் சத்தமாகச் சண்டை. நம் கணக்குப் படத்தில் அந்த ரெண்டு ஆற்றல் பட்டையும் தொடுகிறது என்றேன் நான். தொடுகிற மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான் என்றாய் நீ. எதிரே பருத்தி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டது:

"ஏத்தா, என்ன வரப்புத் தகராறா?"

"இல்ல பெரியம்மா, படிப்பு."

"படிப்புக்கா இம்புட்டுச் சண்ட? தொடுதுங்கிறா ஒருத்தி, தொடலங்கிறா ஒருத்தி. நான் கொல்லைய அளக்கப் போறீகன்னுல்ல நெனச்சேன்."

"கிட்டத்தட்ட அதேதேன். ரெண்டு பேரு நெலம். தூரத்துல இருந்து பாத்தா ஒட்டுன மாதிரி இருக்கு. நடுவுல ஒரு முழம் கெடக்குதா இல்லையான்னு தெரியல" என்றாய் நீ.

"அப்ப சர்வேயர வரச்சொல்லு."

அன்றிலிருந்து நமக்குள் அதுதான் பேச்சு. படத்தில் எங்கே ரெண்டு கோடு நெருங்கினாலும் "சர்வேயர் வந்தாச்சா?" என்பாய். அப்படி நெருங்கிப் போய் அளக்காமல் ஒரு கோட்டைக்கூட நீ நம்பியதில்லை.

திடப்பொருளுக்குள் எலக்ட்ரான் எந்த ஆற்றலில் வேண்டுமானாலும் இருந்துவிட முடியாது. அதன் அலை எந்தத் திசையில், எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறது என்பதைப் பொறுத்து அனுமதிக்கப்பட்ட ஆற்றல்கள் உண்டு. அவற்றை வரைந்தால் நீளநீளக் கோடுகளாக வரும். அவைதான் ஆற்றல் பட்டைகள். ரெண்டு பட்டைகள் நெருங்கி வந்தால் பொதுவாக ஒன்றையொன்று தள்ளிவிட்டு விலகிப்போகும். நடுவில் ஒரு இடைவெளி மிஞ்சும். ஆனால் படிகத்தின் அமைப்பில் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரு பாதி இன்னொரு பாதிக்குச் சமமாக இருந்தால், அந்தக் கண்ணாடித் தளத்தில் ஒரு பட்டைக்குக் கூட்டல் குறியும் இன்னொன்றுக்குக் கழித்தல் குறியும் வரலாம். அப்படி வந்தால் ரெண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் குறுக்கே வெட்டிப் போய்விடும். மூன்று பரிமாணப் பொருளில் அப்படி வெட்டும் புள்ளிகள் சேர்ந்து ஒரு கோடாகும். பெரும்பாலும் அந்தக் கோடு வளைந்து தன்னிடமே வந்து சேரும். அந்தக் கோட்டுக்குக் கணுக்கோடு என்றும், வளையத்துக்குக் கணுவளையம் என்றும் பெயர். வகுப்பில் சார் இதை ரெண்டு நாள் எடுத்தார்.

நீ ஆட்டோவில் நாலு நிமிடத்தில் எடுத்தாய். கையிலிருந்த சிவப்பு வளையலைக் கழற்றினாய். அந்த அம்மாவின் மூட்டை வாயில் தொங்கிக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாய்.

"ஏத்தா, மூட்ட அவுந்துரும்!"

"நுனிதேன் பெரியம்மா. அவுறாது."

நூலை வளையலுக்குள் விட்டு முடிச்சுப் போட்டாய். வளையலை முந்தானையில் மறைத்து, நூலை மட்டும் வெளியே நீட்டினாய்.

"கண்ண மூடிக்கிட்டு இழுங்க. கழண்டு வந்துச்சுன்னா உள்ள ஒண்ணுமில்ல."

அந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தது. "வரல."

"அப்ப இருக்கு."

"இதுக்கா காலேசுக்குப் போறீக?" என்று அந்த அம்மா கேட்டபோது டிரைவர்தான் முதலில் சிரித்தார். ஆனால் எனக்கு அன்றுதான் புரிந்தது. அந்தக் கோடு மெலிதிலும் மெலிது. நாம் கணக்குப் போடும் புள்ளிகளில் ஒன்றுகூட அதன்மேல் சரியாக உட்காராது. அதைத் தொட்டுப் பார்க்க முடியாது, சுற்றித்தான் பார்க்க முடியும். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, எலக்ட்ரான் அலையை அந்த வட்டத்தில் ஒரு தடவை நடத்திக் கூட்டிவந்தால், உள்ளே வளையம் இருந்தால் அலை அரைச்சுற்று திரும்பி, மைனஸ் குறியோடு வந்து நிற்கும். இல்லையென்றால் போனபடியே வந்துவிடும். "சுத்திப் பாத்தியா?" என்று நீ கேட்பதெல்லாம் இதைத்தான்.

இறங்கும்போது வளையலை என்னிடம் கொடுத்தாய். "நீதேன் மறந்துருவ. வச்சுக்க."

பிறகு எனக்குக் கல்யாணம். அருப்புக்கோட்டைக்கு வந்தேன். பாப்பா வயிற்றில் வந்ததும் ஆராய்ச்சியை நிறுத்தினேன். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் பயம். பஸ் குலுங்கினால் பயம், மாடிப்படி பயம், பிறந்தபின் அவள் தூங்கினால் பயம், தூங்காவிட்டாலும் பயம். மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். நீ வந்திருந்த அன்று நாலு தடவை திரும்பினேன். "ஏலே, அது என்ன, அணைச்ச பெறகு மறுபடி பத்திக்கிருமா?" என்றாய்.

ஆனால் நீ என்னை விடவில்லை. பெரிய கணக்குகளைக் கல்லூரிக் கணினியில் நீ ஓட்டுவாய். வந்ததை வரைவதும் சரிபார்ப்பதும் என் வேலை. வீட்டில் உட்கார்ந்து நீ பிரித்தெடுக்கும் அந்தப் பெரிய கோப்புகள் உங்கள் ஊர் டவரில் ஏறாது. அதனால் பென் டிரைவைச் சின்னத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி, பரளச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாய். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் வாங்குவேன். சில நாள் பையோடு ரெண்டு வெள்ளரிக்காயும் வரும்.

"என்னம்மா, வாரத்துக்கு ஒரு தாயத்து வருது ஒனக்கு?" என்பார் கண்டக்டர்.

"தாயத்து இல்லண்ணே. கணக்கு."

"தாயத்துன்னாலும் தைரியமாக் கொண்டாருவேன். கணக்குன்னா எனக்கே பயம்மா."

நமக்கு ஒரு முறை இருந்தது. நீ போட்டதில் ஒரு இடத்தை நான் உன் விடையைப் பார்க்காமல் முதலிலிருந்து போடுவேன். நான் போட்டதில் ஒன்றை நீ போடுவாய். மாத்திப் பாக்குறது என்போம். அது முடியாமல் ஒரு படமும் சாருக்குப் போகாது. அந்த முறையில் எத்தனையோ தப்பைப் பிடித்தோம். ஒரே ஒரு தடவைதான் விட்டோம்.

போன ஐப்பசி. ரெண்டு நாள் மழை பெய்து உங்கள் ஊரில் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. நீ கரிசல் காட்டுக்கும் கல்லூரிக்கும் அலைந்துகொண்டிருந்தாய்.

நாம் ஆராய்ந்த கால்சியப் படிகத்தில் ரெண்டு கணுவளையங்கள் இருக்கின்றன, ஒன்று படுத்தபடி, ஒன்று நின்றபடி, சங்கிலிக் கண்ணி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றன என்பதுதான் உன் கண்டுபிடிப்பு. அந்த ரெண்டு வளையத்துக்காகத்தான் சார் உன் கட்டுரையைப் பெரிய பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார். அன்று வந்த பையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது:

"அணுவெல்லாம் அதது இருக்க நெனைக்கிற எடத்துக்குக் கொஞ்சம் தளர விட்டு மறுபடி ஓட்டிருக்கேன். ஒண்ணு ரெண்டு லேசா எடம் மாறிருக்கு. மொத வளையம் நான் பாத்துட்டேன், நிக்குது. ரெண்டாவத நீ சுத்திப் பாரு. அப்புறம் மாத்திப் பாப்போம்."

அன்று காலையிலிருந்து பாப்பாவுக்குக் காய்ச்சல். நூற்று மூன்று. டாக்டர் பார்த்துவிட்டு வைரஸ் காய்ச்சல்தான், ரெண்டு நாளில் இறங்கும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். நடுவில் லேப்டாப்பைத் திறந்தேன். ரெண்டாவது வளையம் இருக்க வேண்டிய இடத்தைக் குறுக்கே வெட்டி வரைந்தேன். மென்பொருள் எப்போதும் கீழே இருக்கும் பட்டையை நீலத்திலும் மேலே இருப்பதைச் சிவப்பிலும் இணைக்கும். வெட்டிப் போகிறதா விலகிப் போகிறதா என்பது அதற்குத் தெரியாது. ரெண்டு மூக்குகள் முட்டுகிற மாதிரிதான் காட்டும். வெட்டிப் போகிறது என்று நிச்சயமானால், அந்தப் புள்ளிக்கு அப்புறம் நிறத்தை நாம்தான் மாற்ற வேண்டும்.

நான் மாற்றினேன். கண்ணுக்கு வெட்டிப் போகிற மாதிரித்தான் தெரிந்தது. அணுக்களைத் தளர விடுவதற்கு முன்பு வரைந்தபோதும் அப்படித்தானே வந்தது என்று நினைத்துக்கொண்டேன். பத்து நிமிட வேலை. அன்றைக்குத் தெர்மாமீட்டரைப் பதினோரு தடவை பார்த்திருக்கிறேன், தாளில் குறித்து வைத்திருந்தேன். வளையத்தை ஒரு தடவைகூடச் சுற்றிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். பின்னால் ஆட்டுச் சத்தம் கேட்டது.

"ஏலே, சுத்திப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"மைனஸா?"

"மைனஸ்தேன்."

"புள்ளைக்கு எப்படி இருக்கு?"

"நூத்தியொண்ணு."

"சரி, போய்ப் புள்ளயப் பாரு. மாத்திப் பாக்குறத அப்புறம் வச்சுக்குவோம்."

அவ்வளவுதான். நாளைக்கே உட்கார்ந்து முடித்துவிட்டால் சொன்னது உண்மையாகிவிடும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பாப்பாவுக்கு வாந்தி. அதற்கடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். அப்புறம் கேட்பாய், கேட்கும்போது சொல்லிவிடலாம் என்று விட்டேன். நீ கேட்கவில்லை. நம்பிக்கை வந்துவிட்டால் நீ கேட்க மாட்டாய்.

கார்த்திகையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் மூன்று நாள் மாத்திரை போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனாய். நாலாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு. ஆறாம் நாள் நீ இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் உன் அப்பா பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும், "ரத்தத்த மொதல்லயே பாத்துருக்கணும்த்தா" என்றார். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சார் போன் செய்த மறுநாள் கட்டுரையை அனுப்பிவைத்தார். மேலே ஆங்கிலம். ஓரத்தில் அவருக்கென்று நீ தமிழில் குறிப்புகள் போட்டிருந்தாய். நாலாவது படத்துக்குப் பக்கத்தில் இப்படி இருந்தது:

"சார், ரெண்டாவது வளையம் அவ பாத்தது. அடுப்ப அணைச்சுட்டு நாலு தடவ திரும்பிப் பாக்குறவ. இத நீங்க மறுபடி பாக்க வேண்டாம்."

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் செல்போன் கடை வைத்திருக்கிறார், உனக்குத் தெரியும். உன் அப்பா ரீசார்ஜ் செய்யக் கடைக்கு வரும்போதெல்லாம் அவரிடம் கேட்பாராம்: "தம்பி, எம்புள்ள பேரு அச்சுல வந்துருச்சா?" ஒவ்வொரு மாதமும் கேட்டிருக்கிறார். இவர் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் நடந்ததைச் சொன்ன பிறகுதான் சொன்னார்.

"சரின்னு ஒரு வரி போட்டுரு. சாரும் பாக்கல, அவுகளும் பாக்க வேண்டாம்னு எழுதிட்டாக. யாரு வந்து கண்டுபிடிக்கப் போறா?"

"இருந்துச்சுன்னா சரி. இல்லன்னா?"

"இல்லன்னா பெரியவருக்கு என்ன சொல்லுவ?"

ரெண்டாவது வளையம் இல்லையென்றால் கட்டுரை இல்லை. உன் பெயர் அச்சில் வர இருக்கும் ஒரே தாள் அது. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "நாளையிலிருந்து மத்தியானம் பாப்பாவ கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ பாத்துரு" என்றார்.

ஐந்து மதியங்கள் ஆயின. பாதியை மறந்திருந்தேன். முதலில் உன் முதல் வளையத்தைச் சுற்றினேன், எனக்குக் கணக்கு மறக்கவில்லை என்று தெரிந்துகொள்ள. நாற்பது புள்ளிகளில் ஒரு வட்டம். அரைச்சுற்று. மைனஸ். வட்டத்தைப் பாதியாகச் சுருக்கினேன். மைனஸ். இன்னும் சுருக்கினேன். மைனஸ்தான். வளையலில் நூலை எவ்வளவு சின்னதாகக் கட்டினாலும் மாட்டிக்கொண்டுதானே இருக்கும். உன் வளையம் கல் மாதிரி நின்றது.

பிறகு ரெண்டாவது. பெரிய வட்டம் போட்டேன். கிட்டத்தட்ட அரைச்சுற்று வந்தது. சரியாக அரை இல்லை, கொஞ்சம் குறைச்சல். உன்னிடம் சொல்ல என்ன, அந்த இடத்தில் எழுந்துவிட்டேன். போதும், இருக்கிறது, அந்தக் குறைச்சல் கணக்கின் பிசிறு என்று சொல்லிக்கொண்டு டீ போடப் போனேன். டீ போட்டு அடுப்பை அணைத்தேன். வாசல் வரை வந்து வழக்கப்படி திரும்பிப் போய் அடுப்பைப் பார்த்தேன். அப்படியே நின்றேன். அணைந்த அடுப்பை இத்தனை தடவை பார்க்கிறவள் இதை ஒரு தடவையோடு விட்டால் அது என்ன பார்வை?

திரும்பி வந்து வட்டத்தைச் சுருக்கினேன். கால் சுற்று. இன்னும் சுருக்கினேன். அதிலும் பாதி. இன்னும். கடைசியில் ஒன்றுமே இல்லை. அலை போனபடியே திரும்பி வந்துவிட்டது. நூல் கையோடு கழன்று வந்துவிட்டது.

சர்வேயர் வேலையையும் முடித்தேன். அந்த இடத்தில் புள்ளிகளை மிக நெருக்கமாக வைத்து ஓட்டினேன். ரெண்டு பட்டைகளும் மயிரிழை தூரம் வரைக்கும் வந்து விலகிப்போகின்றன. காரணமும் கிடைத்தது. நீ அணுக்களைத் தளர விட்டபோது ஒரே ஒரு அணு லேசாக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதோடு ரெண்டாவது கண்ணாடித் தளம் போய்விட்டது. அந்த வளையத்துக்கு வேறு காவல் கிடையாது. அதனால்தான் சீட்டில் "ஒண்ணு ரெண்டு லேசா எடம் மாறிருக்கு" என்று எழுதி, ரெண்டாவதை மட்டும் சுற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். உனக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. சந்தேகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, நான் சொன்னதும் விட்டுவிட்டாய்.

சாரிடம் போனில் மறைக்காமல் சொன்னேன்.

"பார்க்காமலேயே பார்த்தேன்னு சொன்னியா?"

"ஆமா சார்."

"அனுப்பியிருந்தா அந்தப் புள்ள பேருதாம்மா கெட்டிருக்கும். அது வந்து பதில் சொல்ல முடியாது."

"தெரியும் சார்."

"தலைப்பே மாறணும். ஒரு வளையத்துக்குச் சின்னப் பத்திரிகைதான். முதல்லேருந்து எழுதணும். யார் எழுதுறது?"

"நான் எழுதுறேன் சார். அவ பேரு முதல்ல இருக்கட்டும்."

"அது இருக்கும்" என்றார். திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பரளச்சிக்குப் போனேன். பஸ்ஸில் அதே கண்டக்டர். டிக்கெட் கொடுத்துவிட்டுப் பாப்பாவின் தலையைத் தடவினார். தாயத்து என்று எதுவும் சொல்லவில்லை.

உன் அப்பா காட்டில் நின்றார். மழைக்கு முன்னாலேயே விதைத்துவிட வேண்டும் என்று டிராக்டர் உழுதுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாத்தா. புள்ளையும் கூட்டியாந்துட்டியா? வெயில்ல ஏன் நிக்க, இப்பிடி வா." சீமைக்கருவேல நிழலுக்குக் கூட்டிப் போனார். "வந்துருச்சா?"

"இல்லப்பா. அதத்தேன் சொல்ல வந்தேன்."

சொன்னேன். ரெண்டு வளையம் என்று நீ எழுதியிருந்தாய், ஒன்றுதான் இருக்கிறது, ரெண்டாவதைப் பார்க்கச் சொல்லி நீ என்னிடம் கொடுத்தாய், நான் பார்க்காமலே பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் டிராக்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப எம்புள்ள தப்பா எழுதிட்டாளா?"

"அவ தப்பா எழுதலப்பா. நான் சொன்னத நம்பிட்டா."

"ஏன்த்தா அப்பிடிச் சொன்ன?"

"பாப்பாவுக்குக் காய்ச்சல். பயத்துல இருந்தேன்."

அவர் பாப்பாவைப் பார்த்தார். அவள் கரிசல் கட்டியை எடுத்து இன்னொரு கட்டியின் மேல் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்ற சொல்லை நான் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

"ஒண்ணு நிக்குதுல்ல?"

"நிக்குதுப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்தேன்னா?"

உன் குரல் அவரிடமிருந்துதான் வந்திருக்கிறது. இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

"சுத்திப் பாத்தேன்பா. சின்ன வட்டம் வரைக்கும் போய்ப் பாத்தேன்."

"அப்ப அந்த ஒண்ண எழுது. இல்லாதத எழுதி அவ பேரப் போட வேணாம்."

"இன்னும் அஞ்சாறு மாசம் ஆகும்பா."

"ஆகட்டும். அடுத்த மாசம் ரீசார்சுக்கு வருவேன்ல, கேட்டுக்கிறேன்."

போகும்போது பாப்பாவின் கையில் ஒரு வெள்ளரிப் பிஞ்சைக் கொடுத்தார். என்னைப் பார்க்காமல் டிராக்டர் பக்கம் திரும்பி நடந்தார். கோபமா என்று தெரியவில்லை. இருந்தால் அது நியாயம்தான்.

கட்டுரையை எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஓரத்தில் இருந்த உன் குறிப்பைச் சார் அழித்துவிடச் சொன்னார். அழிக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "அன்று பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். ஒன்று மட்டும் இருக்கிறது." அச்சுக்குப் போகும் தாளில் அது வராது. என் பிரதியில் இருக்கும்.

எனக்குப் பயம் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். நேற்றும் பாப்பாவின் நெற்றியை ஏழெட்டுத் தடவை தொட்டுப் பார்த்தேன். ஆனால் தொட்டுப் பார்ப்பதும் சரிபார்ப்பதும் ஒன்றில்லை என்று இப்போது தெரிகிறது. சூடு இருந்தால் அளக்கிறேன். அளந்தது ரெண்டு நாள் இறங்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன். கேள்வியை நீ கேட்கிற தோரணையிலேயே கேட்டுக்கொள்கிறேன். பார்த்தாயா என்று யாராவது கேட்டால், பார்த்திருந்தால்தான் பார்த்தேன் என்கிறேன். இல்லையென்றால் இல்லை என்கிறேன். கடையில், வீட்டில், சாரிடம், எல்லா இடத்திலும் இதற்கு நேரம் அதிகம் பிடிக்கிறது.

மதியம் பாப்பா வளையலை விடவில்லை. வெட்டு வெட்டு என்று கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்துவிட்டாள். நான் அவளை மடியில் உட்காரவைத்து, வளையலை என் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நூலை மட்டும் அவள் கையில் கொடுத்தேன்.

"கண்ண மூடிக்கிட்டு இழு."

மூடினாள். பாதிதான் மூடினாள். இழுத்தாள்.

"வரலம்மா."

"அப்ப?"

யோசித்தாள். "உள்ள இருக்கு."

"ஆமா."

"இன்னொரு தடவ" என்றாள். இந்தத் தடவை கண்ணை நன்றாக இறுக்கி மூடிக்கொண்டு, ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.